கரடிக்காக நான் செத்த காலை

மாமனார் வீட்டில் மாப்பிள்ளை வாயைத் திறக்கலாம், சாப்பிட மட்டும். பேசுவதற்கும் திறந்தவன் நான்.

கல்யாணமான புதிதில் சேத்தூருக்கு விருந்துக்குப் போயிருந்தேன். மலையடிவாரக் காட்டை ஒட்டி மாமனாருக்கு ஒரு மாந்தோப்பு. அங்கே கரடி ஒன்று வந்து கறையான் புற்றுகளைக் கிளறுகிறது, காவலுக்கு ஒருவரும் நிற்க மாட்டேன் என்கிறார்கள் என்று பேச்சு வந்தது. அதிரசத்தை விழுங்கியபடி, "கரடி என்ன கரடி, நான் புலியையே நேரில் பார்த்தவன்" என்றேன். (பார்த்தது உண்மை. சர்க்கஸ் கூண்டில்.) ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுப்பவனுக்கு எதற்கு இந்த வாய்?

மறுநாள் காலையில் மாமனார் தம்முடைய மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கியை என்னிடம் நீட்டிவிட்டார்.

"நீங்க புத்துப் பக்கம் நில்லுங்க மாப்ளே. நாங்க அந்தப் பக்கமிருந்து தம்பட்டம் அடிச்சு வெரட்டுதோம்."

வெற்றியைக் கொண்டாட மாமியார் சோற்று மூட்டையோடு வந்திருந்தார். என் மனைவி வள்ளியும்தான்.

கரடி வந்தது. குறி பார்த்தேன் என்று சொல்ல ஆசைதான். துப்பாக்கி ஒரு பக்கம் விழுந்தது, நான் புற்றடியில் விழுந்தேன். செத்தவனைக் கரடி தொடாது என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வரவே, மூச்சைப் பிடித்துக்கொண்டு செத்தேன். அது என்னை ஒருமுறை முகர்ந்தது. பிறகு புற்றுக்குள் மூக்கை விட்டு, பந்தியில் பாயசம் குடிப்பவரைப் போலச் சத்தம் போட்டு உறிஞ்சிவிட்டு, காட்டுக்குள் போய்விட்டது.

எழலாம் என்று நினைக்கையில் எல்லோரும் ஓடிவரும் சத்தம் கேட்டது. எழுந்தால் கேள்வி வரும். செத்தபடியே கிடந்தேன்.

"ஐயையோ, துப்பாக்கிக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று அலறினார் மாமனார்.

மச்சினன் என் கழுத்தைத் தடவினான். பாசம் என்று நெகிழ்ந்தேன். "சங்கிலி பத்திரமா இருக்குப்பா" என்று கழற்றிக்கொண்டான்.

மாமியார் மட்டும் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்: "புலிக்கும் அஞ்சாத ராசாவே! சீமையே பாக்குத சிங்கமே!"

கேட்கச் சுகமாக இருந்தது. உயிரோடு இருந்தவரை என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. இன்னும் இரண்டு வரி கேட்டுவிட்டு எழலாம் என்று கிடந்தேன்.

வள்ளி குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "செத்த நேரம் நிறுத்தும்மா. அவிய சிரிக்காவ."

அதற்குள் புற்றடியிலிருந்த எறும்புகள் குடும்பத்தோடு என் வேட்டிக்குள் குடியேறியிருந்தன. துள்ளி எழுந்தேன். "பேய்!" என்று மாமியார் சோற்று மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினார். மச்சினன் சங்கிலியை என் மேலேயே வீசிவிட்டு ஓடினான். மாமனார் மட்டும் நின்று துப்பாக்கியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"கெட்டிச்ச மருந்து அப்படியே இருக்கே, மாப்ளே?"

நான் சொறிந்துகொண்டிருந்தேன்.

இதெல்லாம் நடந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. போன மாதம் கடுங்காய்ச்சலில் கண் திறக்க முடியாமல் படுத்துவிட்டேன். வள்ளி பயந்துபோய், என் மச்சினனைக் கூட்டிவரச் சேத்தூருக்கு ஆள் அனுப்பினாள். போனவன் தனியாகத் திரும்பி வந்தான்.

"தம்பி வரலியா? என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

வந்தவன் தலையைச் சொறிந்தான். "மொதல்ல வேட்டிக்குள்ள நாலு எறும்பை விட்டுப் பாக்கச் சொன்னாவ அம்மா. அதுக்கும் எந்திரிக்கலைன்னா, பொறவு வாராவளாம்."