உன் நலம் விசாரித்தவர்கள் கொண்டுபோனவை

அன்பும் படிப்பும் ஒருசேர வாய்த்த மகள் லவேனியாவுக்கு, கண்டாவுத் தீவிலிருந்து தகப்பன் ஆபிசாய் எழுதுவது. இங்கே நானும் நாயும் வீட்டுக் கூரையும் நலம். மழை வந்தால் கூரை மட்டும் நலமில்லை. ஆக்லாந்தில் நீ பார்த்துக்கொள்ளும் முதியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.

நிற்க. "தினமும் என்ன செய்றோம்னு கவனிங்கப்பா. ஒரே தப்பு திரும்பத் திரும்ப வர்றது தெரியும். அப்புறம் எந்த முடிவையும் தெளிவா எடுக்கலாம்" என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து என்னை நானே கவனித்து வருகிறேன். நீ அங்கேயே தங்கிவிடுவதா, திரும்பி வருவதா என்று என்னையே முடிவு செய்யச் சொல்லியிருக்கிறாய். அவ்வளவு பெரிய முடிவைக் கலங்கிய புத்தியோடு எடுக்கலாமா?

கவனித்ததில் முதலில் தெரிந்தது, வீட்டில் சாமான் குறைகிறது. சொந்தக்காரர் வாய்விட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்வது நம்மிடம் கிடையாது. அதனால் விவரமானவர்கள் கேட்க வருவதற்கு முன்பே பொருளை ஒளித்துவிடுவார்கள். நானும் அதில் கெட்டிக்காரனாகத்தான் இருந்தேன். இப்போது பெரிய சட்டி போயிற்று, மீன்வலை போயிற்று, சேவலும் போயிற்று. மாலையில் குடிக்கிற யங்கோனா வேர்ச்சாற்றின் மயக்கம்தான் காரணம் என்று அதை நிறுத்தினேன். தெளிந்த புத்தியோடு மண்வெட்டியைக் கொடுத்தேன். பாதிரியாரின் பிரசங்கம்தான் மனதை இளக்குகிறதோ என்று ஒரு ஞாயிறு கோயிலில் தூங்கிப் பார்த்தேன். விழித்து வந்து குடையைக் கொடுத்தேன்.

கடைசியில் உடைத்துச் சொன்னது மச்சான் ருசியாத்தே. என் வாழைத்தாரைத் தோளில் ஏற்றிக்கொண்டே சொன்னான்.

"யோவ் மச்சான், உனக்கு இன்னுமா புரியல? ஊருக்கே தெரியும்யா. 'லவேனியா எப்படி இருக்கா?'ன்னு கேட்டா போதும், ஆரம்பிச்சிடுவ. அவ பள்ளிக்கூடப் படகுல பாடினது வரைக்கும் உக்காந்து கேக்கணும். கேட்டு முடிச்சா எதை வேணா குடுப்ப. அந்தச் சேவலுக்காகப் பக்கத்து வீட்டு மக்கெரெத்தா பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தா!"

"அப்போ நீ வந்ததும் வாழைத்தாருக்குத்தானா?"

"பின்ன, உன் அழகைப் பாக்கவா வந்தேன்?"

படி இறங்கியவன் திரும்பி, "ஆமா, அவ இருமல் சரியாப்போச்சா?" என்றான். அதற்கு அவன் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

ஆக, கண்டுபிடித்துவிட்டேன் மகளே. உன்னைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைத்தால் வீட்டையே தூக்கிக் கொடுக்கிற மனிதன் நான். நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, அதுதான் சங்கதி. அப்படிப்பட்டவன் தன் ஏக்கத்தை வைத்து உன் வாழ்க்கையை முடிவு செய்யக்கூடாது. ஆகவே தெளிவாகச் சொல்கிறேன், நீ அங்கேயே இரு. நல்ல வேலை. குளிருக்குத் தடித்த கம்பளியாக வாங்கிக்கொள். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், பறிகொடுக்க இங்கே இனி அதிகமில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
புத்தி தெளிந்த தகப்பன்,
ஆபிசாய்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மக்கெரெத்தா வந்தாள். உன்னைப் பற்றி முழுக்க விசாரித்தாள், குறை சொல்ல முடியாது. பிறகு தன் மருமகனுக்காக உன் கட்டிலைக் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு சொந்தக்காரியிடம் நான் இல்லை என்று சொன்னது இதுதான் முதல் தடவை. "ஏண்ணே, சும்மாதானே கிடக்கு?" என்றாள். "என் பொண்ணு வர்றா, அவ எங்க படுப்பா?"ன்னு கேட்டுட்டேன். இந்நேரம் ஊர் பூரா தெரிஞ்சிருக்கும். வந்துடும்மா.