மண்பானையில் உங்கள் பெயர்

தன்னாமுனை
2002 பங்குனி 7

பெருமதிப்புக்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் இமெல்டா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான், ஆடு எல்லோரும் சுகம். நீங்களும் சித்தியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். பன்னிரண்டு வருடமாக மன்றாடவில்லை. ஆகவே இப்போது சேர்த்து மன்றாடுகிறோம்.

இந்தக் கடிதம் ஓர் அழைப்பு. தயவுசெய்து வராதீர்கள்.

"நீ கம்பஸ்ல படிக்கிற புள்ளதானே. அவனை வரச்சொல்லி எழுது. ஆனா அவன் வரப்படாது. அப்பிடி எழுது" என்றார் அப்பா. இரண்டு வருடப் படிப்பில் இதை எனக்கு யாரும் கற்பிக்கவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். நீங்கள் வராமலிருக்க அது போதும்.

எங்கள் பங்குக்குப் புதுச் சுவாமியார் வந்திருக்கிறார். இளவயது. நாற்பது நாள் தபசு தொடங்கும் விபூதிப் புதனன்று பிரசங்கத்தில், "வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டிட்டு நண்டுக்கறி வைக்கிறீங்க. இறாலும் முருங்கைக்காயும் வைக்கிறீங்க. இதுக்குப் பேர் தபசா?" என்று கேட்டார். அன்றும் பாதி வீடுகளில் நண்டுதான்.

பிறகு பீடத்தின் முன்னால் ஒரு மண்பானையை வைத்தார். இறைச்சியை விடுவது, சாராயத்தை விடுவது எல்லாம் சின்ன ஒறுத்தலாம். நீங்கள் கதைபேச்சு விட்ட ஒருவரின் பெயரை எழுதிப் பானைக்குள் போடுங்கள், பெரிய வியாழனன்று அவரைக் கோயிலுக்குக் கூட்டிவந்து அவருடைய காலைக் கழுவுங்கள் என்றார்.

சனம் யோசித்தது. எங்கள் ஊர் இவ்வளவு யோசித்து நான் பார்த்ததில்லை. சங்கக்கடை றோய் அண்ணன் கனடாவில் இருக்கும் மச்சானை எழுதினார். தையல்காரத் திரேசம்மா அக்கா செத்துப்போன மாமியாரை எழுதினா. "செத்தவவுக்கு எப்பிடிக்கா கால் கழுவுற?" என்று அம்மா கேட்டா. "அதுக்குத்தானே எழுதின" என்றா அவ. பக்கத்து வீட்டு வேலிச் சண்டைக்காரர் ஒருவரின் பெயரும் பானைக்குள் விழவில்லை. எங்கள் ஊரின் பகைவர்கள் எல்லோரும் கடலுக்கு அப்பால் அல்லது மண்ணுக்குக் கீழே இருக்கிறார்கள்.

அப்பா உங்களை எழுதினார். நீங்கள் படுவான்கரையில், இயக்கத்தின் பக்கம். நாங்கள் இங்கே, ஆமியின் பக்கம். நடுவில் வாவி. அதைக் கடக்கும் துறையை மூடி மூன்று மாதம். இதைவிடப் பாதுகாப்பான தம்பி ஒருவனை எங்கே தேடுவது? எழுதும்போது கண்ணைத் துடைத்தும் கொண்டார். சுவாமியார் அவரை முன்னால் கூப்பிட்டு, "யாக்கோப்பு ஐயாவைப் பாருங்க. இதுதான் தபசு" என்றார். ஒன்பது நாள் அப்பா ஒரு புனிதராக வாழ்ந்தார்.

ஒன்பதாம் நாள் அரசாங்கமும் இயக்கமும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தன. ஊரெல்லாம் வெடி கொளுத்திக்கொண்டிருக்க அப்பா றேடியோவை நிற்பாட்டிவிட்டுக் குந்தியிருந்தார், அம்மா என்னவென்று கேட்டதற்கு, "இனித் துறையைத் திறந்திருவானுகள்" என்று இழவு வீட்டுக் குரலில் சொன்னார், போன கிழமை துறையும் திறந்துவிட்டது, உடனே சுவாமியாரிடம் போய், "தம்பிக்குக் காலில புண் சாமி, தண்ணி படப்படாது" என்றார், அவர் மருந்து போட்டுக் கழுவலாம் என்றார், அடுத்த நாள் போய், தான் எழுத நினைத்தது வேறொருவரை, கை மாறி எழுதிவிட்டது என்றார், அதற்குச் சுவாமியார் சிரித்துக்கொண்டே, "அவர் வராட்டி நீங்க போங்க ஐயா" என்று சொல்ல, வீட்டுக்கு வந்து பாயில் சுருண்டு படுத்து, காய்ச்சல் என்றார். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சலுமில்ல ஒண்டுமில்ல, பயம்" என்றா.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் எனக்குப் பத்து வயது. செல் விழுந்து வெடித்துக்கொண்டிருந்தது. இருந்தது ஒரு தோணி. அப்பாவும் நீங்களும் ஆளுக்கொரு பக்கம் துடுப்பு வலிக்கும் தோணி. முதலில் உங்கள் பிள்ளைகளை அக்கரையில் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னீர்கள். மறுபக்கம் சித்தி வலித்தா. அப்பா எங்களோடு கரையில் நின்றார். உங்கள் முதுகு சின்னதாகிக்கொண்டு போனது. பொழுதுபடும்வரை நின்றோம். தோணி வரவில்லை. பிறகு நான்கு நாள் வாவிக்கரைக் கண்ணாப் பற்றைக்குள், சேற்றில்.

ஏன் வரவில்லை என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும். பதில் கிடைத்தால் கோபம் போய்விடும். அப்பாவின் வலை போய்விட்டது, வீட்டுக் கூரை போய்விட்டது, ஒரு காது கேட்பதில்லை. மிஞ்சியிருப்பது அந்தக் கோபம். இறைச்சியை விடச் சொன்னால் நாற்பது நாளல்ல, நாற்பது வருடம் விடுவார்.

ஆகவே வராதீர்கள். காலைக் கழுவமாட்டார். கழுவினாலும் ஊர் பார்க்கக் கழுவுவார். ஒப்புக்குக் கழுவிய காலோடு துறையைக் கடந்து நீங்கள் வீடு திரும்ப வேண்டாம். எங்கள் ஊரின் தபசுக்கு உங்கள் கால் எதற்கு?

தேவதாயின் நிழலில் நீங்களும், சித்தியும், பிள்ளைகளும், உங்கள் மாடுகளும் நீடு வாழ்க.

இப்படிக்கு,
இமெல்டா

பி.கு.: இதை றோய் அண்ணனிடம் கொடுத்துவிடலாமென்று உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். இன்று வெள்ளிக்கிழமை. காலையில் அப்பா அதை மேசையிலிருந்து எடுத்தார். "நல்லா எழுதினியா?" என்றார். ஓம் என்றேன். "அவன் வரமாட்டான்தானே?" வரமாட்டார் என்றேன். பிறகு நல்ல சட்டையைப் போட்டார். "அப்ப நான்தான் போக வேணும்." தன் தோணியைத் திருப்பி எடுக்கத்தான் போகிறாராம், வேறொன்றுக்குமில்லையாம். பைக்குள் பன்னிரண்டு நண்டு. "ரெண்டு பேர் வலிக்கிற தோணியைத் தனிய எப்பிடிக் கொண்டாறது?" என்று அம்மா கேட்டா. அவர் கேட்காத காதை அம்மாவின் பக்கம் திருப்பிக்கொண்டார். முகம் கழுவும் சாட்டில் உறையை என்னிடம் தந்தார், ஒட்டியதைப் பிரித்து, அவர் திரும்பி வருவதற்குள் இந்தப் பி.கு.வை எழுதுகிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது அவர் முன்னால் நிற்பார். சத்தமாகப் படிக்காதீர்கள். என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டால், அழைப்பு என்று சொல்லுங்கள்.