மன்னார் மாப்பிள்ளையும் நனையாத உடுப்பும்

தலை உள்ளே போய்விட்டது. மறுபக்கத்தால் வெளியே வரத்தான் மறுத்தது.

"தள்ளுங்கோ, நல்லாத் தள்ளுங்கோ!" என்று டொலறஸின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

யாக்கோப்பு தள்ளினார். கறுப்பு ரப்பர் இருட்டுக்குள் மூக்கு ஒரு பக்கம் போனது, மேலுதடு இன்னொரு பக்கம் போனது. ஞாயிறு பூசையில் கேட்ட பிரசங்கம் முழுவதும் மறந்துபோய், பாதாளத்தைப் பற்றிய ஒரு வசனம் மட்டும் ஞாபகத்துக்கு வந்தது. பிறகு 'ப்ளக்' என்றொரு சத்தம். தலை வெளியே வந்துவிட்டது.

லண்டனில் கோலியர்ஸ் வுட்டுக்குப் பக்கத்தில், குளோரின் மணக்கும் ஒரு நீச்சல் தடாகத்தின் கரையில் அவர் நின்றார். எதிரே மனைவி டொலறஸ். பக்கத்தில், அடுத்த வீட்டுக்காரரும், கடலுக்கடியில் இறங்கும் சுழியோடிகள் சங்கத்தின் செயலாளருமான பீற்றர். அன்றைக்கு ஒரு கம்பனி வான் வண்டியில் 'ட்ரை சூட்'டுகளைக் கொண்டுவந்து, வாங்க விரும்புகிறவர்கள் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தது. உடம்பு முழுவதையும் மூடி, கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பரால் இறுக்கிப் பிடிக்கும் உடுப்பு அது. முதுகில் தோளுக்குத் தோள் ஒரு பெரிய சிப். அதை மற்றவர்தான் பூட்டிவிட வேண்டும், மற்றவர்தான் திறந்துவிட வேண்டும். இங்கிலாந்துக் கடலின் குளிருக்கு அது இல்லாமல் இறங்க ஏலாதாம்.

இறங்கும் எண்ணம் யாக்கோப்புக்குத் துளியும் இருந்ததில்லை. எல்லாம் மச்சானால் வந்த வினை.

டொலறஸின் தமையன் செபமாலைமுத்து யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர். யாக்கோப்பு வீட்டில், மகள் முதல்முறை நற்கருணை வாங்கிய முதல்நன்மை விருந்தில், இரண்டாவது கிளாசுக்குப் பிறகு, "எங்கட குருநகர் ஆக்கள் மூச்சுப் பிடிச்சுக்கொண்டு கடலுக்கடியில போய் கடலட்டை பிடிக்கிறவை. நான் சின்னனிலேயே ஆறு பாகம் ஆழம் இறங்கியிருக்கிறன்" என்று ஆரம்பித்தார்.

"அட்டைதானே?" என்றார் யாக்கோப்பு. "நாங்கள் மன்னாரில முத்துக் குளிக்கிற ஆக்கள்."

'நாங்கள்' என்று அவர் சொன்னது மன்னாரை. கேட்டவர்களுக்கு அது யாக்கோப்பாகவே விளங்கியது. டொலறஸ் மொழிபெயர்த்துச் சொல்ல, விருந்துக்கு வந்திருந்த பீற்றர் பரவசப்பட்டுப்போனார். கோடையில் டோர்செற் கடலுக்குப் போகும் சங்கத்தின் பயணத்தில் இரண்டு பேரும் கட்டாயம் சேரவேண்டும் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். மச்சான் மீசையைத் தடவி, "நான் ரெடி. மன்னாரார் எப்பிடி?" என்றார்.

உண்மை வேறு. யாக்கோப்பின் தகப்பன் மன்னார்த் தபால் கந்தோரில் முத்திரை விற்றவர். தாய் பிள்ளையைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால், முழங்காலுக்கு மேல் நனையவிடமாட்டாள். அந்த முழங்கால்தான் அவருடைய மிகப் பெரிய ஆழம்.

அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் டொலறஸின் முகத்தைப் பார்த்தார். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து அவர் வேலை செய்யும் காப்புறுதிக் கந்தோரில் எல்லாருக்கும் 'ஜேக்கப்'. தொலைபேசியில் பேரைச் சொன்னால் மூன்று தரம் எழுத்துக் கூட்டவேண்டும். அப்படிப்பட்ட மனுசனை, ஒரு வெள்ளைக்காரர் வாயைப் பிளந்து பார்க்கிறார். டொலறஸ் பக்கத்து மேசையிலிருந்த சிநேகிதி பெர்னடெற்றிடம், "இவர் இதுகளை வெளியில சொல்லிக்கொண்டு திரியமாட்டார்" என்று சொன்னதும் காதில் விழுந்தது. அந்தப் பெருமையை அவரால் எப்படிப் பிடுங்க முடியும்?

ஆகவே வேறு வழி தேடினார். உடுப்பு அளவில்லாவிட்டால் கடலுமில்லை. ஒன்றும் பொருந்தாமல் போகவேண்டும் என்று அந்தோனியாரை வேண்டிக்கொண்டுதான் வந்திருந்தார். முந்தின இரவு மச்சானும் 'காய்ச்சல், வர ஏலாது' என்று போன் எடுத்திருந்ததால், சாட்சிக்கு அவரும் இல்லை.

"கழுத்து இறுக்குது," என்றார் இப்போது, கண் பிதுங்க. "எனக்கு இது சரிவராது. போவம்."

"முகம் கத்தரிக்காய் மாதிரிப் போச்சுது," என்று டொலறஸ் பதறி, இழுத்துக் கழற்றினாள்.

நிம்மதி அரை நிமிடம் நீடித்தது. பீற்றர் அடுத்ததைக் கொண்டுவந்தார். அது ஒரு பெரிய சூட். அதற்குள் யாக்கோப்போடு பங்குத்தந்தையும் குடியிருக்கலாம்.

"பாருங்கோ, எவ்வளவு பெரிசு! வேண்டாம், போவம்."

"அதுக்கென்ன, நான் ஸ்வெற்றர் கொண்டந்தனான்," என்று டொலறஸ் பையைத் திறந்தாள். பீற்றர் தன் பங்குக்கு, உள்ளே போடும் கம்பளி உடுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டையும் போட்டு, சூட்டையும் ஏற்றியபோது யாக்கோப்பின் கைகள் கீழே இறங்க மறுத்தன. சிலுவைப்பாதை நாடகத்தில் நிற்பதுபோல இரண்டு பக்கமும் விரிந்து நின்றன. அந்த நிலையில் அவரால் திரும்ப முடியாமல், பக்கத்தில் நின்ற ஒரு சீமாட்டியின் தேநீரைத் தட்டிவிட்டு, அவளிடம் மன்னிப்புக் கேட்கக் குனிந்து, குனிந்தபடியே நின்றுவிட்டார். நிமிர்த்துவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

"அந்தோனியாரே," என்று முனகினார்.

மூன்றாவது சூட் வந்தது. டொலறஸ் இந்த முறை குழந்தைப் பவுடர் டப்பாவைக் கவிழ்த்துக் கழுத்து ரப்பர் முழுவதும் தடவினாள். தலை வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு வந்தது. பவுடரில் வெளுத்த முகத்தோடு யாக்கோப்பு மூன்று முறை தும்மினார். பீற்றர் முதுகுச் சிப்பை இழுத்துப் பூட்டினார். கை இறங்கியது. கால் மடிந்தது. கழுத்து இறுக்கவில்லை.

அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. அந்தோனியார் கைவிட்டுவிட்டார்.

"அருமை!" என்றார் பீற்றர். "இனித் தண்ணிக்குள்ளே இறங்கிப் பாருங்கள். இறங்குவதற்கு முன் குந்தி, கழுத்து ரப்பரை விரலால் விலக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடவேண்டும்."

"கழுத்தை இனி ஒருத்தரும் தொடக் கூடாது!" என்று யாக்கோப்பு அலறினார். பீற்றர் தயங்கினார். முத்துக் குளிப்பவருக்குத் தான் என்ன சொல்லிக் கொடுப்பது என்று பேசாமல் விட்டுவிட்டார்.

யாக்கோப்பு ஏணியில் இறங்கினார். முழங்கால். இடுப்பு. நெஞ்சு. ஆச்சரியம், நனையவேயில்லை! தண்ணீர் சுற்றிவர நின்று அமுக்குகிறது, உள்ளே ஸ்டோர் அறை மாதிரிக் காய்ந்து கிடக்கிறது. ஒரு கணம் அவருக்குச் சந்தோசம்கூட வந்தது. ஏணியை விட்டார்.

உள்ளே இருந்த காற்று அந்தக் கணத்துக்காகத்தான் காத்திருந்தது. அது குடுகுடுவென்று கால்களுக்கு ஓடியது. கால்கள் பேத்தை மீனாக ஊதி மேலே வந்தன. தலை கீழே போனது. தடாகத்தின் நடுவில் இரண்டு தடித்த கறுப்புக் கால்கள் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றன.

கரையில் கைதட்டல் எழும்பியது. "முத்துக் குளிக்கிறவர்கள் இப்படித்தான் இறங்குவார்களா?" என்று, பீற்றரிடம் கதை கேட்டிருந்த சீமாட்டி கேட்டாள்.

"ஓம்," என்றாள் டொலறஸ், நெஞ்சு நிறைந்து.

பீற்றர் குதித்து அவரை நிமிர்த்தினார். பாரம் போதவில்லை என்று எண்ணி இடுப்பில் ஈயப்பட்டி ஒன்றைக் கட்டிவிட்டார். அது இடுப்பைக் கீழே இழுத்தது, கால்கள் இன்னும் உற்சாகமாக மேலே எழும்பின. தலை ஒரு தரம் வெளியே வந்தது.

"எனக்கு நீந்தத் தெரியாது!" என்று யாக்கோப்பு தமிழில் கத்தினார். தலை மறைந்தது. மறுபடி வந்தது. "மன்னார் மேல ஆணை, எனக்கு நீந்தத் தெரியாது, டொலறஸ்!"

டொலறஸ் கல்லாய் நின்றாள்.

"என்ன சொல்கிறார்?" என்று பீற்றர் மூச்சு வாங்கக் கேட்டார்.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். கரையில் கைதட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். 

"உடுப்பு மிகவும் நல்லதாம்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "இண்டைக்கு இது போதுமாம். தயவுசெய்து வெளியே எடுத்துவிடுங்கள்."

எடுத்துவிட்டார்கள். சிப்பைத் திறந்து, தோலுரித்த மாதிரி அவரைப் பிரித்தெடுத்து, பீற்றர் தேநீர் கொண்டுவரப் போனார். யாக்கோப்பு வாங்குப் பலகையில் தலைகுனிந்து இருந்தார். முகத்துப் பவுடர் கோடு கோடாகக் கரைந்திருந்தது.

டொலறஸ் துவாயை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். முதலில் கொஞ்சம் கோபமாகத் துவட்டினாள். போகப் போகக் கை மெதுவானது.

"செத்துக் கித்துப் போயிருந்தா?" என்றாள்.

"நீ அவ்வளவு சந்தோசப்பட்டனீ," என்றார் யாக்கோப்பு, துவாய்க்குள்ளிருந்து.

அவள் துவாய் முனையை முறுக்கினாள். காதுக்குள் இருந்த தண்ணீரைத் துடைத்தாள்.

"பீற்றருக்கு நான் சொல்லுறன், உங்களுக்குக் காதில வருத்தமெண்டு. டோர்செற்றும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். ஆனா இஞ்சேருங்கோ, நீந்தத் தெரியாதெண்டு ஒருத்தருக்கும் மூச்சு விடக் கூடாது. முக்கியமா அண்ணைக்கு. தெரிஞ்சுதெண்டா, நீங்கள் சாகுமட்டும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

"சத்தியமாச் சொல்லமாட்டன்," என்றார் யாக்கோப்பு.

அப்போது, வரும்போது வாசலில் உடுப்பு அறைச் சாவி எடுத்துக் கொடுத்த, தடாகத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளை சிவனேஸ்வரி, ஈரத்தில் வழுக்காமல் அரக்கி அரக்கி அவர்களிடம் வந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ, உடுப்பு மாத்துற கடைசி அறையில காலமையே தனிய வந்து போட்டுப் பார்த்த ஒரு குருநகர் ஐயா ரப்பர் சூட்டைக் கழட்ட ஏலாமல் கதவைப் பூட்டிக்கொண்டு நிக்கிறார், தனக்கு நீந்தத் தெரியாதாம், மன்னாரில இருந்து முத்துக் குளிக்கிற மச்சான் ஒருத்தர் வந்து நிக்கிறாராம், அவர் போனாப்பிறகு தன்ர தங்கச்சியை மட்டும் கூட்டிக்கொண்டு வரட்டாம்!"