சீன பாஷையில் ஒரு மன்னிப்பு

ராஜவேலிடம் உயிரைக் கேட்டால்கூட கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்துவிடுவான். மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டான். பரம்பரைக் குணம் அது. ஆட்டுக்குட்டியை மிதித்துவிட்டு, "வழியில படுத்தது உன் தப்பு" என்று அதையே திட்டிவிட்டுப் போனவர் அவன் அப்பா.

ராஜவேல் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. போன வருஷம் அவன் மகள் செந்தமிழுக்குப் பேர் வைத்த விருந்து, இரும்பை என்ற ஊரில் மாமியார் வீட்டில் நடந்தது. அவன் மனைவி ரேணுகாவின் அண்ணன் ஆதிமூலம் ஆசை ஆசையாக இலை போட்டான். இலை ஓரத்தில் உப்பும் வைத்தான். வைத்தது கடையில் வாங்கிய பாக்கெட் தூள் உப்பு.

"உப்பளத்து மேஸ்திரி எலையில பாக்கெட் உப்பா? நான் வெளைய வெச்சது உங்க வூட்டுக்கு ஆவாதா?"

கேட்டதோடு விட்டானா? சொந்தக்காரர் அத்தனை பேரும் பார்க்க, பாயசம் வருவதற்கு முன்னால் இலையை விட்டு எழுந்து வந்துவிட்டான். பாதிச் சாப்பாட்டில் எழுந்தால் பந்தி வைத்தவனை செருப்பால் அடித்த மாதிரி. "மாப்ள வாயால ஒரு மன்னிப்பு வரட்டும், அப்புறம் பேசுறேன்" என்று ஆதிமூலமும் முறுக்கிக்கொண்டான்.

இப்போது செந்தமிழுக்குக் காது குத்தவேண்டும். அதற்குத் தாய்மாமன் மடி வேண்டும்.

"உன் சித்தப்பா பையன் இல்ல? அவன் மடியில வெச்சிக் குத்திக்கலாம்" என்றான் ராஜவேல்.

"மடின்னா இன்னாங்க, பஸ் சீட்டா? காலியா இருக்குற எடத்துல உக்கார வெக்க? கூடப்பொறந்தவன் மடி இல்லாம குத்துனா நாளைக்கு ஊரு இன்னா பேசும்?"

"அதுக்காக நான் போயி மன்னிப்பு கேக்கணுமா? இந்த ஜென்மத்துல நடக்காது!"

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ராஜவேலுக்கு நண்டுக்குழம்பு இறங்காது. கூட உட்கார்ந்து ஓடு உடைக்க ஆதிமூலம் இல்லை. அதை எப்படி வெளியில் சொல்வது?

இந்த நேரத்தில்தான் முதலாளி இராயப்பன் கூப்பிட்டார். "ஏம்பா ராஜவேலு, திங்கக்கெழமை சீனாவுலேர்ந்து ரெண்டு பேரு வர்றாங்க. உப்பு வார்ற மெஷின் காட்டப் போறாங்களாம். நீதான் பாத்தி பாத்தியா கூட்டிட்டுப் போயி காட்டணும். அவங்க பாஷையில நாலு வார்த்தை மரியாதையா பேசு."

சிங்கப்பூரிலிருக்கும் தன் மகன் போனில் சொன்னதை இராயப்பன் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். ராஜவேல் அன்றைக்கே வீட்டில் ஆரம்பித்துவிட்டான்.

"நீ ஹாவ். அப்டின்னா வணக்கம்."

"வந்ததும் வராததுமா நீ வான்றீங்க? சண்டைக்கு வரப்போறாங்க."

"அவங்க ஊரு வழக்கம்டி. ஷியே ஷியேன்னா நன்றி."

"பல்லு கூசுன மாதிரி இருக்குது."

"துய் பு ச்சி."

"அது இன்னா?"

"மன்னிச்சிக்குங்கன்னு அர்த்தம். உப்புத்தண்ணி அவங்க ஷூவுல பட்டுச்சின்னா சொல்லணுமாம். அதுக்கு அவங்க மெய் குவான் ஷின்னு சொல்லுவாங்க. பரவால்லன்னு அர்த்தம்."

ரேணுகா அடுப்பை விட்டுத் திரும்பினாள். "இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னான். தமிழில் தொண்டையிலேயே முள்ளாக நிற்கிற வார்த்தை, சீனத்தில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது. அவனுக்கே ஆச்சரியம். மாட்டிடம் சொன்னான். தண்ணீர்க் குடத்திடம் சொன்னான். ரேணுகாவை எதிரில் நிற்கவைத்துக் கும்பிட்டு மட்டும் சொல்ல முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும்.

"சிரிச்சா முதலாளி மானம் போயிடும்" என்றாள் ரேணுகா. "ஞாயித்துக்கெழமை சட்டை போட்டு நல்லா ஒத்திகை பாருங்க. நாற்காலி போட்டு வெக்கிறேன். கண்ணை மூடிக்குங்க, சிரிப்பு வராது."

ஞாயிற்றுக்கிழமை ராஜவேல் இஸ்திரிச் சட்டையில் நின்றான். கண்ணை இறுக்கி மூடினான். கையைக் கூப்பினான்.

"நீ ஹாவ்!"

"குனிஞ்சி சொல்லுங்க. மரியாதை வேணாமா?" இது ரேணுகாவின் குரல்.

இடுப்பு ஒடியக் குனிந்தான். "துய் பு ச்சி!"

"மனசார சொல்லுங்க."

"துய்... பு... ச்சி!"

"மெய் குவான் ஷி" என்றது ஒரு கட்டைக் குரல்.

கண்ணைத் திறந்தால் நாற்காலியில் ஆதிமூலம். அவன் மடியில் செந்தமிழ். வாசலை அடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் செல்லம்மாளும் தெருவில் பாதியும்.

"ஏய்! அது சீனாக்காரங்களுக்கு சொன்னது! இவனுக்கு இல்ல!"

"கும்புட்ட கை உன்னுது, குனிஞ்ச இடுப்பு உன்னுது, மாப்ள" என்றான் ஆதிமூலம். "பதில் சொல்றதுக்கு மூணு நாளா வாய் வலிக்கப் பழகியிருக்கேன். நான் மன்னிச்சிட்டேன். நீ இன்னா வேணா பண்ணிக்க."

"நானும் கேட்டேன்ப்பா, கணீர்னு வுழுந்துச்சி" என்று சாட்சி சொன்னாள் செல்லம்மாள்.

ராஜவேல் மீசையை முறுக்கப் பார்த்தான். கை மீசைக்குப் போகவில்லை. ஒரு வருஷமாகத் தலையில் இருந்த உப்புக்கூடையை யாரோ இறக்கி வைத்தது மாதிரி கழுத்து லேசாகிவிட்டது. கோபப்படலாம் என்று தேடினான். கைக்குக் கிடைக்கவில்லை.

"எல்லா வார்த்தையையும் உன்கிட்டயே கொட்டிட்டேன். நாளைக்கு அவங்ககிட்ட இன்னாத்த சொல்றது?"

"அதேதாங்க" என்றாள் ரேணுகா. "சொன்னா தீர்ந்துபோற சாமானா அது?"

ஆதிமூலம் தூக்குப் பாத்திரத்தைத் திறந்தான். நண்டு வாசம். ராஜவேல் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஓடு உடைக்கும் சத்தத்தில் பழைய கதை ஒன்றும் காதில் விழவில்லை. வயிறு நிறைந்த பிறகு, வீட்டுத் தலைவன் என்கிற நினைப்பு திரும்பி வந்தது. தொண்டையைச் செருமினான்.

"சரி. என் பேச்சுக்குக் கட்டுப்பட்டு மச்சானும் வந்துட்டான். காதுகுத்துக்கு ஒரு நல்ல நாளா நான் பாத்து சொல்றேன்."

ரேணுகா உள்ளே போய்த் தட்டில் வெற்றிலை பாக்கோடு, மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை வைத்து எடுத்துவந்து, அவன் முன்னால் பணிவாக நீட்டினாள்.

"ஊருக்கெல்லாம் முந்தாநாளே குடுத்தாச்சிங்க. நீங்களும் அவசியம் குடும்பத்தோட வந்துடுங்க."