மீசைகளின் தேர்தல் அதிகாரி

மாரண்டஹள்ளியில் நாடாளுமன்றத் தேர்தல் முடிவைத் தெரிந்துகொள்ள டிவியே தேவையில்லை. கடைவீதியில் நாலு முகத்தைப் பார்த்தால் போதும். மீசை இல்லாதவர்கள் எல்லாம் தோற்ற கட்சி. அந்த மீசைகளை எடுப்பவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே சலூன் வைத்திருக்கும் டெபாசிட். அது ஊர் வைத்த பட்டப்பெயர்; சொந்தப் பெயரை வாக்காளர் பட்டியலில்தான் தேட வேண்டும்.

எங்கள் தொகுதி எந்தக் கட்சியிடமும் நிலையாகத் தங்காது. போன முறை ஜெயித்த கட்சியை இந்த முறை மூன்றாம் இடத்தில் தேடுவோம். ஆகவே மீசையை வைத்துப் பந்தயம் கட்டுவது இங்கே வழக்கம். டீக்கடையில் கட்டினால் அது வெறும் வாய்ச்சவடால். டெபாசிட் முன்னால் சொன்னால்தான் செல்லும். வேட்புமனுவைப் பரிசீலிப்பது போலவே மீசையைப் பரிசீலிப்பார். அரும்பு மீசை என்றால் மனு தள்ளுபடி. சாயம் பூசிய மீசைக்குத் தயக்கத்தோடு அனுமதி. வாபஸ் வாங்க மூன்று மணி வரை நேரம். அதற்குப் பிறகு அமைச்சரே வந்து சொன்னாலும் நடக்காது. டெபாசிட்டுக்கென்று கட்சி கிடையாது. காது வரை முறுக்கிய மீசை உண்டு. அதைப் பார்த்து எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் வயிற்றெரிச்சல்.

ஒருமுறை அவருக்கும் சறுக்கியது. ஓட்டு எண்ணும் நாளில் டிவியை நம்பி, பின்தங்கிய கட்சிக்காரர் ஒருவரின் மீசையில் பாதியை எடுத்துவிட்டார். அதற்குள் அடுத்த சுற்றில் முன்னிலை மாறிவிட்டது. உடனே அவரோடு பந்தயம் கட்டிய எதிர்க்கட்சிக்காரரை நாற்காலியில் உட்கார வைத்தார். அவருக்கும் பாதி போனதும் முன்னிலை மறுபடி மாறியது. ஆளுக்குப் பாதி மீசையோடு இரண்டு பேரும் சாயங்காலம் வரை கடையை விட்டு வெளியே வரவில்லை. கடைசியில் ஜெயித்தவரும் மிச்சத்தை மழித்துக்கொண்டுதான் ஊர்வலத்துக்குப் போனார். அன்றிலிருந்து கலெக்டர் வெற்றிச் சான்றிதழ் கொடுக்கும் வரை டெபாசிட் பிளேடைத் தொடுவதில்லை.

இத்தனை கறாரான மனிதருக்குப் போன தேர்தலில் சோதனை வந்தது. தக்காளி மண்டி முனிராஜ், தன் கட்சி வைத்திருக்கும் தொகுதி எங்கே போய்விடும் என்ற தைரியத்தில், பக்கத்து மண்டி மாதையனிடம் மீசையைப் பந்தயம் கட்டியிருந்தார். தொகுதி போய்விட்டது. அந்த வெள்ளிக்கிழமையே முனிராஜ் மகளுக்கு நிச்சயதார்த்தம். எங்கள் பக்கத்தில் தாயோ தகப்பனோ தவறினால்தான் மீசையை எடுப்பார்கள். பெண்ணைப் பெற்றவர் மழித்த முகத்தோடு நின்றால், ஓசூர் மாப்பிள்ளை வீட்டார் அபசகுனம் என்று எழுந்து போனாலும் போவார்கள். நாற்காலியில் உட்கார்ந்த முனிராஜ் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. மாதையனின் ஆட்கள் ரீல்ஸ் எடுக்கப் போனைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

டெபாசிட் முதலில் சட்டம் பேசினார். ஆறில் ஒரு பங்கு ஓட்டுக்கு மேல் வாங்கினால் வேட்பாளருக்கே கட்டிய பணம் திரும்பக் கிடைக்கிறது, மீசைக்கும் அதே விதிதான் என்றார். மாதையன் போனில் முடிவைத் திறந்து காட்டினார். முனிராஜின் கட்சி அந்த ஒரு பங்கையும் தொடவில்லை.

டெபாசிட் புது பிளேடை மாட்டினார். முனிராஜை எழுப்பி நிறுத்திவிட்டு, தானே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கண்ணாலப் பேச்சு நடக்குற வூடுன்னு தெரிஞ்சும் இந்த மனுவ ஏத்துக்கிட்டது நானுங்க. தப்பு அதிகாரி மேல. மாதையண்ணே, உங்களுக்கு வேண்டியது ஒரு மீசதானுங்களே?"

யாரும் வாயைத் திறப்பதற்குள் அவருடைய முறுக்கு மீசையில் வலப்பக்கம் போய்விட்டது. வாசலில் இருந்த போன்கள் சட்டைப்பைக்குள் போயின. இடப்பக்கத்துக்குத் தண்ணீர் தெளித்துக் கொடுத்தவர் மாதையன்தான்.

நிச்சயதார்த்தத்துக்கு நானும் போயிருந்தேன். டெபாசிட் பந்தியில் சாப்பிட்டுவிட்டு நழுவப் பார்த்தார். முனிராஜ் கையைப் பிடித்து இழுத்து வந்து, தட்டு மாற்றும் இடத்தில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது துக்கமா என்று மெதுவாக விசாரித்தார். தொகுதியில் ஒரு துக்கம் என்று டெபாசிட் நெளிந்தார். சம்பந்திக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் உங்களுக்கு என்ன உறவு என்று முனிராஜைக் கேட்டார். சலூன்காரர் என்று தெரிந்தால் சபையில் என்ன பேச்சு எழுமோ என்று எனக்குத்தான் பயம். தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிட்டால் வம்பில்லை.

"எங்க பெரியண்ணனுங்க," என்றார் முனிராஜ். "தட்ட அவரு கையிலயே குடுங்க."

சம்பந்தி ஒரு கணம் யோசித்துவிட்டுக் கொடுத்தார். தட்டை வாங்கிக்கொண்ட அந்த மழித்த முகத்தைப் போல அழகான முகத்தை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை.