கோபம் தீர்ந்த தோட்டாக்கள்

சேதி தெரியுமா உங்களுக்கு? குடகில் துப்பாக்கிகளுக்கெல்லாம் கோபம் வந்துவிட்டதாம்!

வேட்டைக்குத் தடை வராத காலம் அது. நடவு முடியும்வரை துப்பாக்கியைப் பூசையறையில் வைத்துவிட்டு, கைல்போது என்னும் ஆயுதத் திருநாளில் செங்காந்தள் சூட்டி வெளியே எடுப்பது எங்கள் வழக்கம். இத்தனை நாள் அடைத்துப் போட்டால் ஆத்திரம் வராதா? அதனால்தான் சுடும்போது தோளில் உதைக்கிறதாம். இந்த அரிய உண்மையைக் கண்டுபிடித்தவர் தோட்டாச் சாமியார். எங்கிருந்தோ வந்தார், கோயில் வாசலில் பந்தல் போட்டார். புலிக்கும் அசையாத மீசைகளெல்லாம் காணிக்கையும் தோட்டாப் பெட்டியுமாக வரிசையில் நின்றன!

தோளுக்கு ஒரு மந்திரக் கயிறு. தோட்டாக்களைப் பூசைக்கு வாங்கிக்கொண்டு, மறுநாள் அவற்றின் வாயில் சிவப்பு அரக்கு முத்திரையோடு திருப்பித் தருவார். சுட்டால் என்ன சுகம்! பூனைக்குட்டி உரசுகிற மாதிரிதான் இருக்கும்.

வரிசையில் நின்று வாங்கி வந்த பெள்ளியப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் மனைவி தேச்சம்மாவோ அந்தத் தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, நாளைக்குப் பன்னி வேட்டை. இந்தத் தோட்டாவையா கொண்டு போறீங்க?"

"உதைக்கவே இல்லியேடி!"

"எங்க, அந்தத் தேங்காயை அடிங்க பாக்கலாம்."

சுட்டார். ரவைகள் பாதி வழியில் உதிர்ந்தன. தேங்காய் அசையவே இல்லை.

"தேங்காய் சும்மா இருக்கும். பன்னி திரும்பிப் பாயும். உங்க அண்ணன் எப்படிச் செத்தாருன்னு மறந்து போச்சா?"

பெள்ளியப்பா துப்பாக்கியோடு பின்னால் வர, தேச்சம்மா மிளகு நிறுக்கும் தராசோடு பந்தலுக்கு நடந்தாள். ஒரு தட்டில் பூசை போட்ட தோட்டாக்கள், மறு தட்டில் அதே அளவு போடாதவை. பூசைத் தட்டு விர்ரென்று மேலே போனது.

சாமியாரா அசருவார்? "பாத்தீங்களா! கோபம் இறங்கிடுச்சு. அந்தக் கோபத்தோட எடைதாம்மா குறையுது!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கோபத்துக்கு எடை உண்டென்று கண்ட முதல் ஊர் எங்கள் ஊர்தான்!

தேச்சம்மா கத்தியால் அரக்கைக் கீறினாள். உள்ளே பாதி வெடிமருந்து, பாதி ரவை. மீதியெல்லாம் உமி. சாமியாரின் பீடத்துத் திரையை விலக்கினாள். டப்பா டப்பாவாக மருந்தும் ரவையும்!

"இறங்கின கோபமெல்லாம் இங்க இருக்கு. சந்தையில நல்ல விலை போகுமா சாமி?"

"பொய்! என் கயிறு சத்தியம்!"

"அப்ப அதையே கட்டிக்கிட்டு, பூசை போடாத இந்தத் தோட்டாவைச் சுடுங்க."

பெள்ளியப்பாவே துப்பாக்கியை நீட்டினார். சாமியார் தோளுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். டமால்! துப்பாக்கி தோளில் மோத, ஆள் பின்னால் சரிந்து குங்குமத் தட்டில் உட்கார்ந்தார்.

அதே துப்பாக்கியைத் தேச்சம்மா வாங்கி, பூசை போடாத இன்னொரு தோட்டாவைப் போட்டாள். கட்டையைத் தோள்குழியில் இறுக்கினாள்; கன்னத்தை ஒட்டினாள்; இடதுகாலை முன்வைத்துச் சாய்ந்து சுட்டாள். கோயில் வாசலில் இருந்த பூசைத் தேங்காய் சிதறியது.

"உதைக்கலியா அக்கா?" என்றான் ஒருவன்.

"உதைக்காம என்ன? சுட்டா உதைக்கத்தான் செய்யும். ஒழுங்காப் பிடிச்சா தாங்கலாம். இதுக்கு எதுக்குடா பூசை?"

மறுநாள் பெள்ளியப்பா நல்ல தோட்டாக்களோடு காட்டுக்குப் போய், முழுசாக வீடு திரும்பினார்.

சாமியார்? வீங்கிய தோளில் தன் கயிற்றை அவர் இன்னொரு சுற்றுக் கட்டிக்கொள்ளவில்லை. நேராக டாக்டரிடம் ஓடினார். அந்த எத்தனுக்கு இருந்த புத்தி, வரிசையில் நின்ற நமக்கு எப்போது வரப்போகிறது?