கைப்பிடிக்குள் இருக்கும் துரு

இனி இந்த ஜென்மத்தில் போலிக் கத்தி வாங்குவதில்லை என்று புத்தாண்டன்று கோயில் மணியை ஆட்டிச் சபதம் செய்தேன்.

"கத்தியே வாங்கறதில்லைன்னு சபதம் பண்ணியிருக்கலாம். சுருக்கமா முடிஞ்சிருக்கும்" என்றாள் பக்கத்தில் நின்ற என் மனைவி மிட்சுயோ.

"நீ என்ன வேண்டிக்கிட்ட?"

"நீங்க வேண்டிக்கிட்டது பலிக்கணும்னுதான். எனக்கு வேற என்ன வேலை?"

இப்படி ஒரு பதில் வந்தால் மனுஷன் உஷாராகிவிட வேண்டும். நான் ஆகவில்லை. குளிருக்குச் சூடாக ஏதாவது குடிக்கலாம் என்று கிளம்பிவிட்டேன்.

என் பெயர் ஹாச்சியா. ஊர் ஜப்பானில் செகி. எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு கொல்லுப்பட்டறையில்தான் விழ வேண்டும். நான் கத்திரிக்கோல் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். ஒரு கத்திரிக்கோலைக் கையில் எடுத்த மாத்திரத்தில் நல்லதா, கழிசலா என்று சொல்லிவிடுவேன். ஆனால் சாமுராய் காலத்துக் கத்தி என்று இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்தால் போதும், புத்தி புல் மேயப் போய்விடும்.

போன வருஷம் அப்படித்தான் ஒன்று வாங்கினேன். ஐந்நூறு வருஷப் பழசு என்று விற்றான். வீட்டுக்கு வந்ததும் மூங்கில் ஆணியைத் தட்டிக் கைப்பிடியைக் கழற்றினேன். கத்தியின் ஜாதகம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் இரும்பு வாலில் ஏறிய துருவைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். அசல் துரு கருப்பட்டி மாதிரி கறுத்து, வழவழவென்று இருக்கும். எனக்கு வந்தது ஆரஞ்சு நிறம். தொட்டால் விரலில் ஒட்டியது. எவனோ அமிலத்தில் ஊறவைத்து, போன மழைக்காலத்தில் வயசாக்கியிருக்கிறான்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏனென்றால் விருந்தறை மாடத்தில் இன்னொரு கத்தி இருக்கிறது. நான் முதன்முதலில் வாங்கியது. அதையும் இணையத்தில்தான் வாங்கினேன். தினமும் காலையில் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். ஆனால் அதன் கைப்பிடியை மட்டும் கழற்றியதே இல்லை. கழற்றி, உள்ளே ஆரஞ்சு இருந்துவிட்டால்? பார்க்காதவரை அது அசல்தானே. கொஞ்ச நாளாக உறையிலிருந்து உருவிப் பார்க்கக்கூட பயமாகிவிட்டது.

இதில் சங்கத்துத் தொல்லை வேறு. எங்கள் ஊர்க் கத்தி ரசிகர் சங்கம் மாதம் ஒரு ஞாயிறு கூடும். ஒவ்வொரு தடவையும் ஒருவர் தன் கத்தியைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். எல்லோரும் அலகை மட்டும் பார்த்து எந்த வட்டாரத்துக் கொல்லன், எந்தக் காலம் என்று ஊகித்துச் சொல்வோம். கடைசியில் தலைவர் குமாசாவா சான் ஆணியைத் தட்டி, கைப்பிடியைக் கழற்றி, உள்ளே பார்ப்பார். போலி என்றால் அவர் திட்ட மாட்டார். "நன்றாகப் பாதுகாத்து வைத்திருக்கிறீர்கள்" என்பார். அவ்வளவுதான். அதைக் கேட்ட ஒருவர் மறுநாளே கத்தியை விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார். பிப்ரவரியில் என் முறை.

அதற்குள் எனக்கு ஒரு அசல் கத்தி வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். எங்கள் ஊரில் சம்பளம் என்பது புருஷன் கையில் ஏறி மனைவி கையில் இறங்குகிற சமாசாரம். அவள் பார்த்து மதியச் சாப்பாட்டுக்குக் கொடுப்பாள். அந்தச் சாப்பாட்டைத்தான் நான் பல வருஷமாகச் சாப்பிடாமல் சேர்த்துவந்தேன். சேர்த்தது வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு இபுகா சான், முடிதிருத்தும் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், சங்கத்திலும் என் கூட்டாளி. அவருடைய பழைய சுழல் நாற்காலியின் மெத்தைக்குள் இருக்கிறது. மிட்சுயோ எங்கள் வீட்டில் தரையோடு பதித்த தத்தாமிப் பாயைக்கூட தூக்கிப் பார்ப்பவள். அடுத்த வீட்டு நாற்காலியைக் கிழிக்க மாட்டாள் அல்லவா?

ஜனவரி பாதியில் இணைய ஏலத்தில் அந்த விளம்பரம் என் கண்ணில் பட்டது.

கத்தி விற்கிற போக்கிரிகளின் பாஷை எனக்கு அத்துப்படி. "தாத்தா வீட்டுக் கிடங்கில் கிடைத்தது, எனக்கு ஒன்றும் தெரியாது" என்று எவன் எழுதுகிறானோ அவனுக்குத்தான் எல்லாம் தெரியும். படமும் எடுப்பான். சரியாகத் துரு இருக்கிற இடத்தில் மட்டும் பனி மூட்டம் போட்டிருக்கும். இந்த விளம்பரம் அப்படி இல்லை. வெயிலில் வைத்து, அரம் ராவிய தடம் ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி இரும்பு வாலின் படம். கருப்பட்டித் துரு. கீழே இப்படி எழுதியிருந்தது:

"பழைய கத்தி. செய்தவர் கையெழுத்து இல்லை. பதிவுச் சீட்டு உண்டு. என் கணவர் இதை அசல் என்கிறார். என் கணவர் சொன்ன எதுவும் இதுவரை சரியாக இருந்ததில்லை. படத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கத்தி விற்கிறவர்கள் ஆயிரம் பொய் சொல்வார்கள். ஆனால் கட்டின புருஷனைப் பற்றி இப்படி எழுதுகிறவள் பொய் சொல்லவே மாட்டாள். அந்த எழுத்திலேயே ஒரு உண்மை இருந்தது. ரொம்ப நாள் பழகின குரல் மாதிரி இருந்தது.

இபுகா சானிடம் ஓடினேன்.

"பாத்தீங்களா இதை?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார். "ஐயோ பாவம். யாரோ ஒரு அப்பாவி மனுஷன்."

"அப்பாவி இல்ல, அடிமுட்டாள். வீட்ல இப்படி ஒரு பொக்கிஷத்தை வெச்சுக்கிட்டு, பொண்டாட்டி விக்கறது தெரியாம உக்காந்திருக்கான் பாருங்க."

"அவர்கிட்ட யாராவது சொல்ல வேண்டாமா?"

"சொன்னா ஏலம் நின்னுடும். அவன் தலையெழுத்து, விடுங்க."

ஆனாலும் நான் ஏமாறத் தயாராக இல்லை. விளம்பரத்துக்குக் கீழே கேள்வி கேட்க இடம் உண்டு. கேட்டேன்.

"எண்ணெய் ஒழுங்காகப் போட்டு வந்தீர்களா?"

"நான்தான் போடுகிறேன். அவருக்குப் போனைத் தேய்க்கவே நேரம் சரியாக இருக்கிறது."

"விற்பது கணவருக்குத் தெரியுமா?"

"அவர் கண்ணெதிரில்தான் விற்கிறேன்."

"பின்னால் அவர் தகராறு செய்தால்?"

"அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்."

எப்பேர்ப்பட்ட பெண்மணி. இவளைக் கட்டினவனை நினைத்துச் சிரித்து மாளவில்லை. கணப்பு மேஜைக்குள் காலை நீட்டிக்கொண்டு நான் சிரிக்க, எதிரே உட்கார்ந்திருந்த மிட்சுயோவும் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?" என்றேன்.

"யாரோ ஒருத்தர் சும்மா சும்மா கேள்வி கேட்டு உயிரை எடுக்கறார். பதில் போட்டுக்கிட்டிருக்கேன்."

"தெரிஞ்சவரா?"

"தெரிஞ்ச மாதிரியும் இருக்கார். தெரியாத மாதிரியும் இருக்கார்."

"இந்த மாதிரி ஆளுங்களுக்கு எல்லாம் இடம் குடுக்காத மிட்சுயோ. தலையில ஏறி உக்காந்துக்குவாங்க."

"நீங்க சொன்னா சரிங்க" என்று ஆரஞ்சை உரித்து எனக்குப் பாதி கொடுத்தாள். என் பேச்சை அவள் அப்படி ஒரேயடியாகக் கேட்டது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஏலம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முடிகிறது. அன்று காலையிலிருந்து நான் உட்காரவில்லை. மாடியேறினேன், இறங்கினேன். வாசலில் இல்லாத பனியைத் தள்ளினேன். மிட்சுயோ அடுப்படியில் உருளைக்கிழங்குக் கொரொக்கே பொரிக்க ஆரம்பித்ததும் போனோடு கழிப்பறைக்குள் புகுந்து தாழ் போட்டேன்.

எவனோ ஒரு சண்டாளன் எனக்குப் போட்டியாக விலை ஏற்றிக்கொண்டே இருந்தான். இந்த ஏலத்தில் கடைசி நிமிஷத்தில் யாராவது ஏற்றினால் நேரம் மறுபடி நீளும். நான் ஏற்ற, அவன் ஏற்ற, எனக்குக் கால் மரத்துப்போனது. கதவு தட்டப்பட்டது.

"என்னங்க, உள்ள என்ன இவ்வளவு நேரம்?"

"வயிறு சரியில்ல."

"நான் வேணா டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். இப்ப முடிஞ்சுடும்."

"அவசரமே இல்ல. நிதானமா பண்ணுங்க. பாதியில விட்டுடாதீங்க."

இவ்வளவு கரிசனமான மனைவிக்குத் தெரியாமல் கத்தி வாங்குகிறோமே என்று ஒரு கணம் மனசு உறுத்தியது. அடுத்த கணம் இன்னும் ஏற்றினேன். நாற்காலிக்குள் இருந்த என் மதியச் சாப்பாடு அத்தனையும் போயிற்று. சண்டாளன் நின்றுவிட்டான். கத்தி எனக்கு.

வெளியே வந்தபோது மிட்சுயோ முகம் மலர்ந்து, வயிறு சரியில்லாத எனக்கு இரண்டு கொரொக்கே கூடுதலாக வைத்தாள்.

எங்கள் இணையச் சந்தையில் விற்கிறவர் பெயர் வாங்குகிறவருக்குத் தெரியாது, வாங்குகிறவர் பெயர் விற்கிறவருக்குத் தெரியாது. ஆனாலும் முன்ஜாக்கிரதையாக, பொட்டலம் இபுகா சான் வீட்டுக்கு வருகிற மாதிரி பார்த்துக்கொண்டேன். எடுக்கப் போனபோது மனுஷன் முகம் ஊறுகாய்ப் பிளம் மாதிரி சுருங்கியிருந்தது.

"என்ன இபுகா சான், உடம்புக்கு ஆகலையா?"

"அன்னிக்கு ஏத்திக்கிட்டே போனது நான்தான்" என்றார் தரையைப் பார்த்து. "அசல்னு நீங்கதானே அவ்வளவு தூரம் சொன்னீங்க. நானும் மனுஷன்தானே."

அவரை அங்கேயே மன்னித்தேன். ஜெயித்தவனுக்கு மன்னிப்பது சுலபம்.

மிட்சுயோ தெருக்கூட்டும் முறைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து விருந்தறையில் பொட்டலத்தைப் பிரித்தேன். புத்தம்புது வெறும் மர உறை. உள்ளே அலகு. ஆணியைத் தட்டிக் கைப்பிடியை இழுத்தேன். கழன்றது. படத்தில் பார்த்த அதே துரு, தொட்டால் ஒட்டவில்லை. அலகை வெளிச்சத்தில் சாய்த்தேன். விளிம்பில் பனிப்புகை மாதிரி பதம் ஏறிய கோடு ஓடியது. அமிலத்தில் வரைந்த கோடு இப்படி உயிரோடு இருக்காது. அசல். சந்தேகமே இல்லாத அசல். குமாசாவா சான் என்ன சொல்வாரோ என்று நினைத்து நான் அழுதேவிட்டேன்.

சரி, இனி எனக்கு என்ன பயம்? மாடத்தில் இருக்கிற பழையதையும் உருவி, இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று எடுத்தேன். எடுத்ததுமே லேசாக இருந்தது. உருவினேன்.

மரம்.

கத்தி வடிவில் இழைத்த வெள்ளை மரம். அலகைத் தனியாக எடுத்து வைப்பவர்கள் உறையும் கைப்பிடியும் சேர்ந்து நிற்பதற்காக உள்ளே செருகுகிற மரக்கத்தி. இத்தனை நாளாகக் காலையில் நான் கும்பிட்டது ஒரு கட்டையை.

நான் மரத்தைப் பார்த்தேன். தரையில் கிடந்த அலகைப் பார்த்தேன். நீளம் ஒன்றுதான். பின்னால் துடைப்பத்தைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"வந்துடுச்சா?" என்றாள் மிட்சுயோ.

வாயைத் திறந்தேன். என் கத்தியைத் திருடி விற்றாயே என்று கேட்டால், வாங்கக் காசு ஏது என்று கேட்பாள். மூடினேன்.

"உறைக்காரர்கிட்ட குடுத்து மர உறையும் மரக்கத்தியும் செஞ்சு வாங்கினேன்" என்றாள், தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே. "அந்தக் கூலியையும் ஆரம்ப விலையில சேத்துட்டேன். தப்பா நினைக்காதீங்க."

"மிட்சுயோ, இது நியாயமா?"

"மத்தியானம் சாப்பிடக் குடுத்த காசுல சாப்பிட்டிருந்தா இப்படி இளைச்சுப் போவீங்களா? எங்க வெச்சிருக்கீங்கன்னு வீடு முழுக்கத் தேடினேன், கிடைக்கல. சரி, தானா வெளிய வரட்டும்னு விட்டேன். நானும் அக்காவும் கெரோ வெந்நீர் ஊற்றுல குளிக்கப் போறோம்."

"எப்ப?"

"நீங்க அமுக்கினதும். பணம் இன்னும் சந்தைக்காரங்ககிட்டதான் நிக்குது. பொருள் கிடைச்சுது, திருப்தின்னு வாங்கினவர் அமுக்கினாத்தான் என் கைக்கு வரும்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. கடைசிப் பிடி என்னிடம் இருக்கிறது. சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நான் அமுக்கலைன்னா?"

"அமுக்க வேண்டாமே. போலின்னு புகார் எழுதுங்க. பணம் உங்களுக்கே திரும்பிடும். கத்தி எனக்குத் திரும்பிடும். உங்க புகாரை எல்லாரும் படிக்கற மாதிரி அந்தப் பக்கத்துலயே போடுவாங்க. உங்க குமாசாவா சானும் தினம் அதைப் பாக்கறவர்தானே? அடுத்த ஞாயித்துக்கிழமை அவர் முன்னாடி இந்த மரத்தை வெச்சுட்டு வாங்க. நல்லாப் பாதுகாத்து வெச்சிருக்கீங்கன்னு சொல்லுவார்."

வெகுநேரம் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். உடனே போனை எடுத்தேன். பொருள் கிடைத்தது, அமுக்கினேன். திருப்தி, அமுக்கினேன். நட்சத்திரம் ஐந்தும் போட்டேன். விற்றவரைப் பற்றி ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்டது. "நேர்மையானவர்" என்று எழுதினேன். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் அதைப் படித்துத் தலையாட்டினாள்.

"இவரிடம் மறுபடியும் வாங்குவீர்களா?" என்று கடைசியாக ஒரு கேள்வி வந்தது. அதற்கு மட்டும் "ஆமாம்" என்பதை என் தோளுக்கு மேலே கையை நீட்டி அவளே அமுக்கினாள்.